சின்னப் பெட்டி போட்ட ஊளை

பல வாரம் மெனக்கெட்டு அந்தப் பெட்டியை ஊளையிடாமல் இருக்கப் பழக்கியிருந்தான் சந்தனசாமி. இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவனே அதை ஊளையிட வைக்கப் போகிறான்.

மலாயாவின் பெக்கோக் மாதா கோயில் சாமியாருக்குக் குரல் கம்மி. முன் வரிசையைத் தாண்டினால் அவர் பேசுவது ஆண்டவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால்தான் ரப்பர் தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் வேலை பார்க்கும் சந்தனசாமியைப் பிடித்து, ஓர் ஒலிபெருக்கி செய்து தரச் சொன்னார்கள்.

துரை வீட்டில் கழித்துப்போட்ட ரேடியோவின் வால்வுகள், பழைய டெலிபோனின் வாய், பிஸ்கட் டின் எல்லாம் சேர்த்து அவனும் செய்துவிட்டான். மைக்கில் விழும் மெல்லிய குரலை முதலில் சின்னப் பெட்டி தூக்கிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய பெட்டி அதைக் குழாயில் முழக்கும். அந்தச் சின்னப் பெட்டிதான் உயிரை வாங்கியது. திருகைக் கூட்டினால் ஊளை, குறைத்தால் ஊமை.

இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினான். ஒருநாள் அவன் அம்மா கெர்ட்ரூடும் சாமியாரும் கொட்டகைக்கே வந்து நின்று ஏதோ கேட்டார்கள். வேறென்ன, எப்போது கோயிலில் மாட்டுவாய் என்றுதான் இருக்கும். ஹெட்போனைக் கழற்றக்கூட நேரமில்லாமல், சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தான்.

நேற்றுதான் தலையில் இடி விழுந்தது. கோயிலில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூட்டாளி மணியம் வந்து, மரியநாதன் மகள் இன்பராணிக்கு நாளைக்குக் கல்யாண ஓலை படிக்கிறார்களாம் என்றான். மாப்பிள்ளை யாரென்று மணியத்துக்குத் தெரியவில்லை.

சந்தனசாமிக்குத் தெரியாதா? போன மாதம் சிகாமட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் ஒருவன் மரியநாதன் வீட்டில் உட்கார்ந்து பலகாரம் தின்றதை இந்தக் கண்ணாலேயே பார்த்தானே. இன்பராணி மேல் தனக்கிருந்த ஆசையை அம்மாவிடம் அவன் எப்போதோ சொல்லியிருந்தான். அவசரப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தாள் அம்மா. பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான் போலிருக்கிறது என்று பொருமினான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைக் கோயிலில் எல்லாருக்கும் கேட்கும்படி ஓலை படிக்க வேண்டும். கல்யாணமே நடத்தக் கூடாத தபசு காலத்துக்கு முன் மிச்சமிருப்பதும் மூன்றே ஞாயிறு. ஒன்று கெட்டால் போதும், உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடியும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது. அதற்குள் மரியநாதன் காலில் விழுந்தாவது பெண்ணைக் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

பூசை தொடங்கியது. பிரசங்கம் கணீரென்று கேட்டது. கடைசி வரிசைக்காரர்கள் தூங்க முடியாமல் நெளிந்தார்கள். பக்கத்து அறையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சந்தனசாமி திருகின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சாமியார் ஓலைக்கு வந்தார். மரியநாதன் மகள் இன்பராணிக்கும் என்று அவர் சொல்லி முடித்ததும், சந்தனசாமி கண்ணை மூடிக்கொண்டு திருகை முழுவதும் திருப்பினான்.

அப்பப்பா, என்ன ஊளை! குழந்தைகள் அலறின, பின்னால் யாரோ ஐயோ என்பதை மலாயில் அலமாக் என்று கத்தினார்கள், வாசலில் படுத்திருந்த நாய் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓடியே போய்விட்டது. பாதிக் கோயிலுக்கு மேல் எதுவும் கேட்காததால் இது கணக்கில் சேராது, அடுத்த ஞாயிறு முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

பூசை முடிந்ததும் சந்தனசாமி கோயிலுக்குப் பின்னால் ஓடி, யாருமில்லாத இடத்தில் ஒரு குதி குதித்தான். சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு குதி குதிக்கும்போது இன்பராணி வந்து நின்றாள்.

அவன் அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டான். "மெஷின் மக்கர் பண்ணிருச்சு. மாப்பிள்ளை பேரு ஒருத்தருக்கும் கேக்காம போச்சு."

"முன் வரிசைக்குக் கேட்டுச்சு. இனிமே பாஸ்கு கழிச்சுத்தான் கல்யாணம்னு அப்பா சொல்லிட்டாங்க," என்றாள். குரலில் கோபமும் அழுகையும் இருந்தன.

"அதுக்கென்ன," என்றான் சந்தனசாமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மாப்பிள்ளை அதுவரைக்கும் பொறுத்துக்க மாட்டாரா?"

"அத நீங்கதான் சொல்லணும். சாமியாரு படிச்சது உங்க பேரு."