நட்பு நாட்டில் சக்கரவர்த்தி

நம் நாட்டுக்கும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டுக்குமான நட்புக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த விழாவைக் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடமே அந்த நாட்டின் உதவியில் கட்டியதுதான். அந்த நாட்டுத் தூதருக்கு மாலை போடப் பாவாயியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் கணவன் சக்கரவர்த்தி அந்த நாட்டுக்கு வேலைக்குப் போனவன்.

கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு மூன்று முறை அலைந்து மனுக் கொடுத்தும் பதில் வராததால், பாவாயியும் சம்மதித்தாள்.

"மேடையில ஒரே ஒரு வார்த்த பேசிக்கிறேன் சாமி," என்று விழாவை நடத்திய அதிகாரியிடம் கெஞ்சினாள்.

"பேசு. ஆனா நல்ல நாளும் அதுவுமா அழுது வெக்காத. சுருக்கமா முடிச்சிக்க."

மாலை போட்டதும் மைக்கைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துபோயிற்று.

"என் வூட்டுக்காரரு ஒங்க நாட்டுலதான் இருக்காருங்க. சீக்கிரமா அனுப்பி வெச்சிடுங்க சாமி."

அதிகாரி சிரித்தபடியே மொழிபெயர்த்தார். தூதரும் சிரித்தார். அவர் சொன்ன பதிலை அதிகாரி மைக்கில் முழங்கினார்.

"நண்பர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை! இந்தச் சகோதரியின் கணவர் எங்கள் விருந்தாளி. எத்தனை காலம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கலாம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பாவாயி மறுபடி வாயைத் திறப்பதற்குள் மைக் கைமாறிவிட்டது.

கீழே இறங்கியவளை, கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த நிருபர் மடக்கினார். "குடுத்து வெச்சவம்மா நீ! அவரு அங்க இன்னா வேலை பாத்துக்கினு இருக்காரு?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கட்டடச் சாரத்துலேர்ந்து வுழுந்து செத்து எழுவது நாளாச்சி. ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்களாம்," என்றாள் பாவாயி. "பொணத்தத்தாங்க கேட்டேன்."