அவர் கொன்றவர்களின் பெயர்கள்

"நல்ல பேரா ஒண்ணு சொல்லேன். பொம்பள. அம்பது வயசு. பொழைக்க மாட்டா."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் கணவர் டீ குடிக்கக் கிளம்பினார்.

நாவல்களில் அவர் கொன்றவர்களுக்கெல்லாம் நான்தான் பெயர் வைத்தேன்.

அதற்கு முன் அவர் திருச்சியில் ஒரு நாளிதழின் குற்றச் செய்தியாளர். தண்டவாளம், ஆற்றுமணல், லாட்ஜ் அறை என்று பிணம் கிடக்கும் இடமெல்லாம் போவார். செத்தது யாரென்றே தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த நாளில் வீட்டில் சாப்பிட மாட்டார்.

ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, திகில் நாவல் எழுத உட்கார்ந்தார். அதில் பெயர் இல்லாமல் யாரும் சாகவில்லை.

முதல் பக்கத்திலேயே சாகிறவனுக்குப் பெயரும் ஊரும் எதற்கு என்று பதிப்பாளர் சலித்துக்கொள்வார். இவர் கேட்கவில்லை.

டீ குடிக்கப் போனவர் அன்று மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

செல்போன் சார்ஜரில் கிடந்தது. பர்ஸ் மேசைமேல்.

எங்காவது விழுந்திருந்தால்? அவரை என்னவென்று எழுதுவார்கள்?

செல்போன் அடித்தது. பதிப்பாளர். அழுதுகொண்டிருந்தார்.

பிணவறை வாசலில் கொய்யாக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாள். சத்திரம் பஸ் நிலையத்தில் பழம் விற்பவள். இவர் விழுந்ததைப் பார்த்து ஓடியிருக்கிறாள். அவள் படித்த நாவல்களின் பின்னட்டையில் பார்த்த முகம். அதில் போட்டிருந்த பதிப்பக எண்ணுக்கு அவளே பேசியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில யாரோன்னு எழுதப் பாத்தாங்கக்கா. யாரோவா? இளஞ்செழியன் சாருய்யா, ஒழுங்கா எழுதுய்யான்னு சத்தம் போட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கோச்சுக்காதீங்க. ஆம்புலன்ஸு வர்றவரைக்கும் என் மடியிலதான் இருந்தாரு. கண்ண முழிச்சுப் பாத்தாரு. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. ஏன் சார், அந்த நர்சு பிலோமினாவப் போயி கொன்னுட்டீங்களே, நல்லாருப்பீங்களான்னு கேட்டுட்டேன்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"சிரிச்சாருக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொய்யா மணத்தது. உள்ளே வரச் சொல்லி அழைக்கும்வரை விடவில்லை.

சத்திரம் பக்கம் போனால் இப்போதும் அவளிடம் சற்று நேரம் நிற்பேன். நன்றி என்று சொல்ல முடிந்ததில்லை. அவளும் விடுவதில்லை. பேச்சை மாற்றி அவர் கதைகளுக்குப் போய்விடுவாள். எல்லாக் கதையும் பிடிக்கும்.

பிலோமினாவைக் கொன்றதை மட்டும் அவள் இன்னும் மன்னிக்கவில்லை.