தூங்கும் வகுப்பு

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

விழித்திருந்தது டீச்சர் மட்டும்தான். சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாள் புரளும் சத்தம்கூட வராமல் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் வந்து நின்ற போஸ்ட்மாஸ்டருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மிஷனுக்குச் சம்பளமில்லாமல் உழைப்பவர் அவர். போருக்குத் தப்பி ஓடிவந்து முகாமில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மிஷன்தான் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் பொறுப்பு. அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் அடுத்த வருஷம் ஃபீஸ் இல்லை. பிள்ளைகளின் படிப்பு அத்தோடு சரி.

"என்னம்மா இது?"

டீச்சர் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா, ஐயா."

ஜன்னல் வழியே சாய்ந்த மதிய வெயிலில் சாக்பீஸ் தூள் மிதந்துகொண்டிருந்தது. விசிறி சோம்பலாகச் சுற்றியது. தரையில் விரித்த துணிகளில் பிள்ளைகளின் மூச்சு ஏறி இறங்கியது, தூரத்துக் கடல்போல. ஒரு பொடியன் தூக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான்.

போஸ்ட்மாஸ்டருக்கே ஒரு கொட்டாவி வந்தது. அதை அதட்டி உள்ளே அனுப்பினார்.

"பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்றார் தாழ்ந்த குரலில். கிசுகிசுத்துக் கோபப்படுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்தான், ஐயா. பாடம் எதையும் விடலை."

"நான் வீடு வீடாப் படியேறி, 'பிள்ளைங்க படிக்கணும், உதவி பண்ணுங்க'ன்னு கேக்கறேன். ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாங்க. இவங்க இங்க குறட்டை விடறதுக்கா?"

"குறட்டை யாரும் விடலையே, ஐயா."

"வாய்க்குக் குறைச்சல் இல்ல."

"ராத்திரியில இவங்க..."

"ராத்திரியெல்லாம் ஆட்டம் போட்டுட்டுப் பகல்ல தூங்கினா அதுக்கு மிஷன் என்ன பண்ணும்? வீட்டுக்காரி போனதிலிருந்து எனக்கும்தான் ராத்திரி தூக்கமில்ல. நான் என்ன, தபால் மூட்டை மேலயா படுத்தேன்?"

டீச்சர் நோட்டை மூடி வைத்தாள்.

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மேலே இருந்த கேள்விகளையெல்லாம் தாண்டிக் கடைசிக் கேள்விக்கு வந்தார். 'உதவி தொடரலாமா?' பேனா மூடியைக் கழற்றினார்.

"ஐயா, ஒரே ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டுப் பாருங்க" என்றாள் டீச்சர். "பதில் சொல்லலைன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

"அதையும் பாத்துடுவோம்."

காலடியில் ஏழெட்டு வயசுச் சிறுமி ஒருத்தி. சுற்றிலும் இடம் கிடந்தும் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, உள்ளங்கை அகலத்துக்குச் சுருண்டு கிடந்தாள். பைதான் தலையணை.

போஸ்ட்மாஸ்டர் முட்டி முறிய மண்டியிட்டு அவள் தோளைத் தொட்டார். "எழுந்திரும்மா."

தொட்ட உடனே எழுந்து உட்கார்ந்தாள். சிணுங்கவில்லை. கண்கூட முழுசாகத் திறக்கவில்லை. அப்படியே நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். தான் படுத்திருந்த துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். பையைத் தட்டித் தலைமாட்டில் சரியாக வைத்தாள்.

"என் முறை முடிஞ்சிருச்சு. நீங்க படுத்துக்குங்க, தாத்தா."

போஸ்ட்மாஸ்டர் ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தார்.

"முகாம்ல ஒரு அறைக்கு மூணு குடும்பம், ஐயா. எல்லாரும் ஒண்ணாப் படுக்க அங்க இடம் பத்தாது. முறை வச்சுத்தான் தூங்கறாங்க. ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் படுக்கலாம். இந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மணி நேரம் கிடைச்சாலே அதிகம்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மண்டியிட்டபடியே படிவத்தைத் தொடைமேல் வைத்து, கடைசிக் கேள்விக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை எழுதினார். 'தொடரலாம்.'

சுவரில் சாய்ந்திருந்த சிறுமியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அதைக் கையில் தாங்கி, மெல்லப் பையின் மேல் சாய்த்தார்.

"உன் முறை இன்னும் முடியலைம்மா" என்றார். "நான்தான் முன்னாடியே வந்துட்டேன்."