பதினேழரை நாள்

"அதென்ன பிள்ளை, பதினேழரை நாள்? அந்த அரை நாள் எங்கயிருந்து வந்தது?"

இரகுநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையிலிருந்த தாளைக் கலாராணியின் பக்கம் திருப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு உத்தியோகத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டின் மேல்மாடியை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்போகிறார். அதற்கு ஓர் இணையத்தளம் வேண்டும்.

"ரூமெல்லாம் போட்டோ எடுக்கணும் சேர். அது மத்தியானத்தோட முடிஞ்சிரும். அதான் அரைப் பேர் போட்டேன்."

தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், பாதியில் வந்துவிட்டால் அரைப் பேர். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த கலாராணிக்கு வேறு கணக்குத் தெரியாது. வெப் டிசைன் படித்துச் சான்றிதழ் வாங்கிய இடத்திலும் கூலி போடுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அம்மாவின் நாள் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு, ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாள். அதுவே அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"ஆக, எண்ணாயிரத்து எழுநூற்றைம்பது."

"ஆமாங்க சேர். விலை கூடன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழக்கதோஷம்.

இந்த வேலை கைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை காலை கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டில் மூன்று மாதம் தவணை கேட்டிருந்தாள். அது இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. கார்மெண்ட்ஸ் ஒன்றும் கெட்ட இடமில்லை. அக்காமார் இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போய்விட்டால் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

இரகுநாதன் மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். வழுவழுப்பான தாள். மேலே நீல நிறத்தில் அலை போட்ட சின்னம்.

"இது கொழும்பிலை, வெள்ளவத்தைக் கம்பெனி. சீவியூ வெப் டிசைன்ஸ். எவ்வளவு கேக்கினம் தெரியுமே? அறுபத்தையாயிரம்!"

கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உம்மடை மாதிரிப் பக்கமும் அவையின்ரையைப் போல வடிவாத்தான் கிடக்கு. அதிலை நான் குறை சொல்லமாட்டன்."

"அப்ப என்னையவே செய்யச் சொல்லலாமே சேர்?"

"அதுதான் பயமாக் கிடக்கு பிள்ளை. அரசாங்கக் கந்தோரிலை முப்பது வருஷம் டெண்டர் பாத்தனான். குறைஞ்ச விலைக்காரனுக்குத்தான் குடுக்கவேணும் எண்டு சட்டம். குடுத்தனான். நான் போடுவிச்ச கூரையிலை ஒழுகாத கூரை ஒண்டும் இல்லை!" தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டார். "இது என்ரை சொந்தக் காசு. இந்த முறையாவது கூடின விலைக்காரனிட்டைக் குடுத்துப் பாப்பம்."

கலாராணி தன் தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். தன் பெயர் போட்டுக் கொடுத்த தாளை ஒருவர் இப்படி ஓரமாக ஒதுக்கி வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

"அவை எப்பிடிப் போட்டிருக்கினம் எண்டு பாரும். நாள் கணக்கே இல்லை. வடிவமைப்புக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, ஒரு வருஷம் பாத்துக்கொள்ள இவ்வளவு. நீர் கெதியா வேலை செய்யிற ஆள். நாள் கணக்குப் போட்டா நட்டம் உமக்குத்தானே?"

அது சுருக்கென்று தைத்தது. தோட்டத்தில்கூடக் கை வேகமான பெண்களுக்கு மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. அவள்தான் தன் வேகத்துக்குத் தானே அபராதம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கே குடுக்கிறதா முடிவு பண்ணிட்டீங்களா சேர்?"

"ஓம். இப்ப போன் எடுக்கப்போறன். குறை நினைக்காதையும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"இல்லங்க சேர், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

படலையைத் தாண்டியதும் கலாராணி கிட்டத்தட்ட ஓடினாள். பஸ் தரிப்பில், அவளோடு ஒன்றாகப் படித்த அஜந்தன் நகத்தைக் கடித்தபடி நின்றான்.

"என்னாச்சு?"

"எம் பேர்ல போட்டதை வேணான்னுட்டாரு. விலை ரொம்பக் குறைச்சலாம்."

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? நீ எங்க கேட்ட..."

அவன் முடிப்பதற்குள் அவனுடைய சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. அஜந்தன் கொலரைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"குட் மோர்னிங், சீவியூ வெப் டிசைன்ஸ், வெள்ளவத்தை!"

அந்த நேரம் பார்த்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் "பசறை, மொனராகலை!" என்று, வெள்ளவத்தையில் கேட்கவே கூடாத ஊர்ப் பெயர்களைக் கத்த வாயெடுத்தார். கலாராணி பாய்ந்து போய், கையெடுத்துக் கும்பிட்டு அவரை அடக்கினாள்.

"சரிங்க சேர்... அறுபத்தஞ்சாயிரம்... தேங்க்யூ சேர்." அஜந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை அவள் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

திடீரென்று அஜந்தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"கலா, இங்க பதுளையில கலாராணின்னு ஒரு புள்ள இருக்காம், ரொம்பக் கெட்டிக்காரியாம். பாவம், நம்ம கம்பெனியில அதுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்றாரு. என்ன சொல்ல?"