நாற்பதாவது ஆள்

படிக்கட்டில் முப்பத்தொன்பது ஜோடிச் செருப்பு கிடந்தது.

பக்கீர் மைதீன் இரண்டாம் முறையும் எண்ணிப் பார்த்தார். அதே முப்பத்தொன்பதுதான். ஓரமாகக் கழற்றி வைத்திருந்த தன் புதுச் செருப்பை அவர் சேர்க்கவில்லை.

சைகோனின் டோங் டு பள்ளிவாசலில் ஆட்களைத் தலையெண்ணும் வழக்கம் கிடையாது. கண்பட்டுவிடும் என்று காரைக்காலிலிருந்து வந்த பெரியவர்கள் ஆரம்பத்திலேயே செருப்பை எண்ணப் பழக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு, ஊரில் நிலையாகக் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். வந்து போகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சேர்த்தி இல்லை. அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே நிலையாகக் குடியிருந்த வியாபாரிகளால்தான் அந்தக் காலத்தில் ஜும்ஆ நடந்தது.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறிய பிறகு செருப்புகள் வாராவாரம் குறைந்தன. முப்பத்தாறு ஆன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நின்றது.

சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிய ஜமாஅத் தலைவர், பாங்கு சொல்லும் மோதினார் பக்கீர் மைதீனிடம் ஒரே ஒரு காரியம்தான் சொல்லியிருந்தார். ஜும்ஆ நிற்காமல் பார்த்துக்கொள் என்றார். அதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று இரண்டு வருஷமாக அவருக்கு மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

தானே தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வார். தானே இறங்கி வந்து தொழுவார். முன்னூறு பேர் நிற்கும் இடத்தில் ஒற்றை ஆளாக, தொழுகை முடிவில் இருபுறமும் முகம் திருப்பி சலாம் கொடுக்கும்போது, வலப்பக்கம் ஒரு தூணும் இடப்பக்கம் ஒரு தூணும் இருக்கும்.

போன சனிக்கிழமைதான் சாம் முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். கம்போடிய எல்லையில், ஆற்றங்கரை ஊரில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்கள். ஒரே ராத்திரியில் ஊர் எரிந்துபோக, கட்டிய துணியோடு தப்பி வந்து எதிர்த்தெருவில் காலியாகக் கிடந்த கிடங்கில் தங்கினார்கள். மூன்றாம் நாளே யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது, யார் நோயாளிகளைப் பார்ப்பது என்று பங்கு பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.

ஊர்த் தலைவரை அவர்கள் ஹாக்கிம் என்பார்கள். ஹாக்கிம் சாலே குரலை உயர்த்தாத மனிதர். எதுவானாலும் எல்லோரையும் உட்காரவைத்து, ஒருவர் விடாமல் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வார். குழம்புக்கு மிளகாய் எவ்வளவு என்பதற்குக்கூட அவர் கூட்டம் போட்டதை எதிர்வாசலிலிருந்து பார்த்து பக்கீர் மைதீன் சிரித்தார்.

சிரித்தாரே தவிர, தன்னிடமும் யாராவது மிளகாயைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு பென்தான் சந்தை முனையிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து. இந்தியர்களை ஏற்றிப்போகும் விமானம். இதை விட்டால் இனி இல்லை என்றுதான் பேச்சு. அவர் சட்டைப்பையில் அதற்கான சீட்டு இருந்தது.

காரைக்காலில் அவர் மனைவி சபுரா ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள். எதுவும் கொண்டுவர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று எழுதியிருந்தாள். சபுராவின் வீட்டுக்காரர் பரதேசியாட்டம் வந்து இறங்கினார் என்று தெரு பேசக்கூடாதே என்பதற்காக, அந்தச் செருப்பை மட்டும் வாங்கியிருந்தார்.

பாங்கு சொல்லிவிட்டு, சாவியை ஹாக்கிமிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

பாங்கு சொல்லி உள்ளே வந்தார். சாவிக்கொத்தை எடுப்பதற்குள் ஹாக்கிம் வரிசையிலிருந்து எழுந்து வந்து வியட்நாமியத்தில் மெதுவாகக் கேட்டார்.

"பழைய ஊருக்குத் திரும்பறதில்ல, இனிமே இதுதான் எங்க ஊருன்னு நாங்க ஒவ்வொருத்தரா சொல்லிட்டோம். நீங்க எப்படிண்ணே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

நிலம், படகு, பெற்றவர்களைப் புதைத்த கபர் எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள்தான் குறைகிறது. அந்த ஆள் பையில் சீட்டோடு நிற்கிறான்.

அவர் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது. தனக்கும் இனி இதுதான் ஊர் என்று சொல்லிவிட்டார்.

ஹாக்கிமே தொழவைத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பக்கீர் மைதீன் சலாம் கொடுக்கத் திரும்பியபோது, வலப்பக்கம் ஒரு தோளும் இடப்பக்கம் ஒரு தோளும் இருந்தன. அவர் அழுதார். எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பேருந்து போயிருக்கும்.

தொழுகை முடிந்து வழக்கம்போல வாசல் தூணோரம் நின்றார். ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பழக்கதோஷம், மனசு எண்ணிக்கொண்டே வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

படியில் அவருடைய புதுச் செருப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அப்போது ஹாக்கிம் சாலே வெளியே வந்தார். படியில் அவர் எதையும் தேடவில்லை. வெறுங்காலோடு இறங்கி, வெயிலில் கிடங்கைப் பார்த்து நடந்தார். குதிகால் இரண்டும் வெடித்துக் கிடந்தன. ஆறு நாளாகப் பார்க்கிற மனிதர்தான். அவர் கால்களை பக்கீர் மைதீன் இன்றுதான் பார்க்கிறார்.

ஹாக்கிமோடு சேர்த்து நாற்பதும் அவர்களே.

ஆள் குறைகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவர் விடாமல் கேட்பது அவர்கள் வழக்கம், அதனால் கேட்டார்கள். போகிறேன் என்று சொல்லியிருந்தால் கையைப் பிடித்து அனுப்பிவைத்திருப்பார்கள்.

பக்கீர் மைதீன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபுராவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு குனிந்து புதுச் செருப்பைக் கையில் எடுத்தார். "ஹாக்கிம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார்.

தார் சுட்டது.