நனையாத பெட்டி

ஹெல்மெட்டைக் கழற்றக்கூடக் கை ஒழியாமல், பழைய கொம்பியூட்டர் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி கடைக்குள் வந்தார் அந்த மனிதர். மேசையில் இறக்கி வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"வெல்லாவெளியில இருந்து வாறன் தம்பி. பேர் நல்லரத்தினம். இத எப்படியாவது புதுசாக்கித் தாங்க. என்ட மகளுக்கு ஒம்பது வயசு, பள்ளியில கொம்பியூட்டர் படிக்கிறாளாம். வீட்டில ஒரே நச்சரிப்பு."

கடைக்காரன் பற்றிக் சிரித்தான். நாட்டில் சண்டை முடிந்து மூன்று மாதம். வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து இப்படிப் பழைய பெட்டிகள் மட்டக்களப்புக்கு வரத் தொடங்கியிருந்தன. மற்றக் கடைக்காரர்கள் தூக்கி எறியச் சொல்வார்கள். அவனுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எறியிறதுக்கு இதென்ன குடிச்சு முடிச்ச இளநிக் கோம்பையா அண்ணன்? ரேம் கூட்டுவம், ஹார்ட் டிஸ்க்கை மாத்துவம், புது ஃபேன் ஒண்டு போடுவம். இன்னும் பத்து வருசம் ஓடும்."

சொல்லிக்கொண்டே பெட்டியைப் பின்பக்கம் திருப்பினான். திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

நான்கு திருகாணிகளின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு. வேறு யாரும் திறந்தால் தெரியவேண்டுமென்று, தான் பொருத்திப் பூட்டும் பெட்டிகளுக்கு அவன் வைக்கிற பொட்டு அது. ஆனால் இதில் ஒரு பொட்டு மட்டும் ஆணியைத் தாண்டித் தகரம் முழுக்க இழுபட்டிருந்தது. "நான் வெக்கிறன் அப்பா" என்று நாலு வயது டினோஷா தூரிகையைப் பிடுங்கி வைத்த பொட்டு. அவனுடைய வீட்டுப் பெட்டி!

2004 நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், சுனாமியில் நாவலடி வீட்டுக்குள் கடல் ஏறியபோது, முதலில் மகளைத் தூக்கிச் சுவரோடு கட்டிய சீமெந்துத் தட்டில் இருத்தினான். வயர்களைப் பிடுங்கி, இந்தப் பெட்டியையும் அவளுக்குப் பக்கத்தில் ஏற்றினான். மனைவியின் கையைப் பிடிக்கத் திரும்பியவனை அந்த முதல் அலையே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பின்னேரம் அவன் திரும்பி வந்தபோது வீடு இல்லை, அத்திவாரம்தான் இருந்தது. மனைவியின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். பிள்ளையின் உடல் கிடைக்கவே இல்லை.

பற்றிக் மூடியைக் கழற்றினான். கடல் தண்ணீர் குடித்த பெட்டிகள் நூறாவது அவன் கையால் போயிருக்கும். திறந்தால் உப்புப் பூத்திருக்கும், துரு உதிரும், மணல் கொட்டும். இதிலோ வெறும் தூசி. உப்பென்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை.

அப்படியென்றால் முதல் அலைக்கு அந்தத் தட்டு நனையவே இல்லை! தண்ணீர் வற்றியதும் யாரோ உள்ளே போய்ப் பெட்டியை எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பிள்ளை இருந்திருப்பாளே!

ஒன்பது வயது மகள் என்றாரே இந்த மனிதர். டினோஷா இருந்தால் அவளுக்கும் இப்போது ஒன்பது. கடவுளே, நாலரை வருசமாகச் செத்துக் கிடந்த அவன் நெஞ்சு படக் படக்கென்று அடித்துக்கொண்டது.

"அண்ணன், இத எங்கால எடுத்தீங்க?"

"கொழும்பில மச்சான் தந்தது."

"பொய் வேணாம் அண்ணன். இது நான் பூட்டின பெட்டி, நாவலடியில இருந்தது. பயப்படாதீங்க, பொலிசுக்குப் போகமாட்டன். பெட்டியும் உங்களுக்குத்தான். நடந்தத மட்டும் சொல்லுங்க."

நல்லரத்தினம் தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்டைக்கு அந்தப் பக்கம் மாமிட வீட்டுக்கு வந்திருந்தன். முதல் அலை வத்தினதும் நாலஞ்சு பேர் உள்ள போனம். எல்லாரும்தான் எடுத்தாங்க தம்பி. நான் எடுக்காட்டி கடல் எடுத்திருக்கும்."

"தட்டில, பெட்டிக்குப் பக்கத்தில, ஒரு புள்ள இருந்திச்சா?"

"ஓம். சின்னப் பொம்பிளப் புள்ள."

"உசிரோடயா?"

"உசிரோடதான். ரெண்டு கையையும் நீட்டி நீட்டி அழுதிச்சு."

பற்றிக் அவருடைய கைகளை எட்டிப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, வெட்கமாகக்கூட இல்லை.

"நீங்க மனுசன் இல்ல அண்ணன், தெய்வம்! உங்கட மகள் எண்டது அவளத்தானே? நான் ஒருக்கா வந்து பாக்கட்டா? தூரத்தில நிண்டு பாத்தாலும் போதும்."

நல்லரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"என்ன தம்பி பேசுறீங்க? இவள் விதுர்ஷா, நான் பெத்த புள்ள. வெல்லாவெளியில பிறந்து வளந்தவள்."

"அப்ப அந்தப் புள்ள?"

"அடுத்த அலை வருகுதெண்டு வெளியில கத்துறாங்க." நல்லரத்தினம் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "ரெண்டையும் தூக்க ஏலாதே தம்பி."