வில்லனுக்குக் கேட்காமல்

அற்புதராஜ் வீட்டுக் கூடத்துச் சுவரே ஒரு பேசும் திரை; தினமும் மாலையில் கதை சொல்லும். அதில் வரும் வில்லன் கருநாகன், தன்னை வீழ்த்தக் கதை கேட்பவர்கள் சொல்லும் யோசனைகளை எல்லாம் கேட்டுக்கொண்டு, மறுநாளே முறியடித்துவிடுவான். இப்போது அவனை யாராலும் தொடக்கூட முடியவில்லை. முன்பெல்லாம் அவனைக் கண்டு அலறிய ஒன்பது வயது மகள் செலஸ்டின், நாயகன் செத்து விழும்போதும் கொட்டாவி விட்டாள்.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏம்மா ஓடல?" என்று கேட்டார், பந்தயம் பார்க்க வந்திருந்த அற்புதராஜ்.

"யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே தெரியும்லப்பா. அப்புறம் எதுக்கு ஓடணும்?"

வீட்டுக்கு வந்ததும் சுவரின் மின் இணைப்பைப் பிடுங்கினார். அன்று தானே கதை சொல்ல உட்கார்ந்தார்; வழக்கமில்லாததால் தடுமாறித்தான் ஆரம்பித்தார். அவருடைய கருநாகனுக்குத் தூசி பட்டால் தும்மல் வரும். ஆனாலும் அவன் நாயகனைக் கிணற்றில் தள்ளிவிட்டான்.

செலஸ்டின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவரு செத்துருவாராப்பா?"

"தெரியலயேம்மா. எனக்கே பயமாத்தான் இருக்கு."

அவள் நகத்தைக் கடித்தபடி கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு ஓடிவந்து அவர் காதில் வாயை வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. மெதுவாப் பேசுங்க, அவனுக்குக் கேட்டுரும்."